பிள்ளைமடுவத்தில் ஒரு பெரட்டு

திலக்ஷன் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தான். வாசலில் நாற்பது பேர் நின்றார்கள்.

நாற்காலிகளும் பெரியவர்களுக்கானவை அல்ல. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம் அது. வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இடம் சும்மா கிடைத்தது. உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடித்தது.

"அஞ்சு பேருதான் வருவாங்கன்னு சொன்னீங்களேக்கா?"

மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரேமினி பெரிய அண்டாவில் பிளேன்டீ கலக்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலையிலேயே அண்டா அடுப்பில் ஏறிவிட்டது. ஐந்து பேருக்கு இவ்வளவு பெரிய அண்டா எதற்கு என்று அப்போதே கேட்டிருந்தான். குளிருது தம்பி என்று சொல்லியிருந்தாள்.

"வந்துட்டாங்க. வெரட்டவா முடியும்?" என்றாள் இப்போது.

திலக்ஷன் ஹட்டனில் படிக்கிறவன். கல்லூரியில் மாணவர் சேவைக் கழகத்தின் செயலாளர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், பயிற்சி முகாமையாளர் வேலைக்கு அவனைப் புதன்கிழமை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. கழகத்தில் செய்த சேவைக்குச் சான்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் அவன் செய்த சேவை, கூட்ட முடிவில் நன்றியுரை சொன்னது மட்டும்தான்.

அவசரமாக ஒரு சேவை தேவைப்பட்டது. 'நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி. வேலை வழங்கப்படாது' என்று அச்சடித்துக் கோயில் சுவரில் ஒட்டினான். ஐந்து பேருக்குப் பயிற்சி, ஒரு படம், தோட்டத் தலைவர் அழகனின் கையெழுத்து. மத்தியான ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

கூட்டம் வாசலை நெருக்கியது. ஒழுங்கு வரட்டும் என்று துண்டுக் காகிதத்தில் இலக்கம் எழுதிக் கொடுத்தான். இலக்கம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள்.

"நம்பர் ஒன்னு, சுலக்ஷனா!"

உயர்தரம் முடித்த பெண். குட்டி நாற்காலியில் நேராக உட்கார்ந்து பயோடேட்டாவை நீட்டினாள்.

"உங்க பலவீனம் என்ன?"

"ஆறரைக்கு மேல பஸ் இல்ல சேர்."

"அது பஸ்ஸோட பலவீனம்."

"பஸ் இல்லாம நான் மட்டும் பலமா இருந்து என்ன செய்யிறது?"

பயிற்சி என்றால் உற்சாகப்படுத்த வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். "நல்லது. நீங்க தெரிவாயிட்டீங்க" என்றான்.

வாசல் கைதட்டியது.

"எந்தக் கம்பனி சேர்?" என்றாள் சுலக்ஷனா.

"கம்பனி எல்லாம் இல்ல. இது சும்மா பழக்கத்துக்கு."

கைதட்டல் நின்றது. "ஆளுகள ஏற்கெனவே எடுத்துட்டாங்கடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ கதவை உதைத்தார்கள்.

சத்தம் கேட்டு அழகன் வந்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன தம்பி, பேரு கூப்பிட்டீங்களாமே?"

"தலைவரே, வேலை இல்லன்னு நோட்டீஸ்ல தெளிவா போட்டிருக்கேன்."

"நம்ம சனம் எங்க நோட்டீஸ் படிக்குது? மேசை போட்டீங்க, டை கட்டுனீங்க, பேரு கூப்பிட்டீங்க. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல என்ன நடக்குது? கணக்கப்புள்ள பேரு கூப்பிட்டா அன்னைக்கு வேலை குடுத்தாகணும். இதுவும் பெரட்டுதான்."

"இது பெரட்டு இல்ல தலைவரே, சேவை!"

"போன வருசமும் சேவைன்னுதான் வந்தாங்க. கை கழுவ சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு முந்தின வருசமும் கைதான் கழுவுனோம்."

"நீங்க கையெழுத்து மட்டும் போட்டா..."

"வேலை எங்கயோ, கையெழுத்தும் அங்கதான்" என்று அழகன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

கடினமான கேள்விகள் கேட்டு எல்லோரையும் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று திலக்ஷன் முடிவு செய்தான்.

"அழுத்தத்துல வேலை செய்வீங்களா?" என்று அடுத்து வந்த பெண்ணிடம் கேட்டான்.

"மழையில, கால்ல அட்ட கடிக்க கடிக்க, நிறுவைக்குப் பிந்தாம கொழுந்து எடுத்திருக்கேன் சேர். அது அழுத்தத்துல சேருமா?"

அடுத்தவன் நிரஞ்சன், நல்ல உடம்பு.

"அஞ்சு வருசத்துல உங்கள எங்க பாக்கலாம்?"

"இதே லயத்து வீட்டுலதான். கூரை இருந்தா."

"தெரிவாகல. நீங்க போகலாம்."

நிரஞ்சன் எழுந்தான். நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் கழலவில்லை. அவன் அப்படியே வெளியே நடந்தான். "பாருங்க, நாற்காலிய விடமாட்டேங்கிறான்! நிரஞ்சனுக்கு ஜே!" என்று கூட்டம் கத்தியது. அதை ஒரு போராட்டமாக்கி எல்லோரும் மடுவத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

வெளியேற வழி இல்லை. திலக்ஷன் ஃபோனை எடுத்தான். ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நானா என்று அவன் கூப்பிடும் அஸ்லமின் எண் கிடைத்தது.

"அஸ்லம் நானா, கடைக்கு ஆள் வேணுமா?"

"நீ என்ன, வேலை குடுக்குற மினிஸ்டரா?"

"நானா, என்னைய சுத்தி வளைச்சிட்டாங்க."

எதிர்முனையில் அஸ்லம் நன்றாகச் சிரித்து முடித்தார். "பில் போட ஒரு புள்ள வேணும்தான். நாளைக்கே வரணும்."

சுலக்ஷனாவுக்கு வேலை கிடைத்தது. கூட்டம் கலையும் என்று நினைத்தான். ஒன்று கிடைத்தால் இன்னும் கிடைக்கும் என்று எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

பேக்கரிக்கு ஃபோன் எடுத்தான். பார்மசிக்கும் எடுத்தான். நானுஓயாவில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவரிடம் உடைந்த சிங்களத்தில் கெஞ்சினான். கூட்டத்தில் ஒருத்தி ஃபோனைப் பிடுங்கி நல்ல சிங்களத்தில் பேசி, தனக்கும் தங்கைக்கும் வேலை வாங்கிக்கொண்டாள். மத்தியான ரயில் போனது. டை பைக்குள் போனது. பனி இறங்கியபோது ஒன்பது பேருக்கு வேலை இருந்தது. மீதிப்பேரின் பயோடேட்டாக்கள் திலக்ஷன் கையில் இருந்தன.

"இவங்களுக்கு?" என்றார் அழகன்.

"தேடுறேன் தலைவரே. சத்தியமா தேடுறேன்."

அழகன் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை, ஹோட்டலில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "சேவையில என்ன கத்துக்கிட்டீங்க?" என்று நடுவில் இருந்த பெண் கேட்டார். தலைமைத்துவம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வாயைத் திறக்கும்போது ஃபோன் அடித்தது. நிறுத்தப் போனவன் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டான்.

"தம்பி, அந்தப் புள்ள கெட்டிக்காரி. சாமான் எறக்க ஒரு ஆள் அனுப்பு" என்றார் அஸ்லம்.

"நல்ல உடம்புக்காரன் ஒருத்தன் இருக்கான் நானா. சாப்பாடும் நீங்கதான் குடுக்கணும். சரியா? முடிஞ்சுது" என்று வைத்தான். பிறகுதான் எதிரே மூன்று பேர் இருப்பது ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "எங்களுக்கும் ஆள் பற்றாக்குறை. ஆள் எடுக்கிற பிரிவுக்கே வந்துடுறீங்களா?"

"வாறேன் மிஸ். இன்னும் முப்பது பேருக்கு மேல கைவசம் இருக்காங்க. அவங்களையும் கூட்டிட்டு வரவா?"

அடுத்த ஞாயிறு கேக் பெட்டியோடு தோட்டத்துக்கு வந்தான். பாட்டுப் போட்டு, வெடி கொளுத்தி, நிரஞ்சன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தான். மடுவத்து வாசலில் இறக்கிவிட்டபோது திலக்ஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பாவம், நம்ம சனம் தப்பா வெளங்கிக்கிட்டு வந்திருச்சுக்கா. நான்தான் எப்பிடியோ சமாளிச்சேன்."

பிரேமினி பிளேன்டீயை அவன் கையில் கொடுத்தாள்.

"நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கே எல்லாரும் படிச்சாச்சு தம்பி; வருசா வருசம் கை கழுவி அலுத்துப்போச்சு, இந்தத் தடவ படிக்காத ஆளுக மாதிரி வந்து நிப்போம்னு தலைவரு சொன்னதாலதான் நான் விடியவே நாப்பது பேருக்குத் தண்ணி வச்சேன்."