அபுநாய்!

பிள்ளைகளே, போன மாதம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ராலி பந்தயக் கார்கள் ஓடியதைப் பார்க்கப் போனோமே, அன்று உங்கள் மூன்று பேரையும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேட்டின்மேல் ஏற்றினேன். "எல்லா அப்பாவும் கயித்துப் பக்கம் நிக்கிறாங்க, நீங்க மட்டும் ஏம்ப்பா இப்படி?" என்று பெரியவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கம்தான். எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

அது மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தேன். வெள்ளைக்காரத் துரை காரை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போயிருந்தார். பெட்ரோல் கிடையாது. அதனால் காரின் முதுகில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை மாட்டி, அதில் கரியை மூட்டி, அந்தப் புகையிலேயே ஓட்டினார்கள். (புகையில் கார் ஓடுமா என்று கேட்காதீர்கள். ஓடியது. மேடு வந்தால் மட்டும் எல்லாரும் இறங்கித் தள்ளுவோம்.) மூவார் ஊரிலும் இதுபோல் ஒரு கரிக்கார் இருந்தது. எது வேகம் என்று பார்த்துவிட எங்கள் தோட்டத்து ஜப்பான் அதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. மேட்டு உச்சியிலிருந்து கோயில் வளைவு வழியாகக் கீழே வரவேண்டும். முதலில் ஒரு கார், அது போனபிறகு இன்னொரு கார். ஏறும்போது எருமை மாதிரி வரும் அந்த வண்டிகள் இறங்கும்போது பேய் மாதிரி வரும்.

வேடிக்கை பார்க்கிற ஜனங்களுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஏன் என்னிடம் கொடுத்தார்கள் என்றால், தோட்ட ஆபீசில் மாலையில் நடந்த ஜப்பான் மொழி வகுப்பில் நான்தான் முதல். (மொத்தமே நான்கு பேர். அதில் ஒருவனுக்குக் காது மந்தம்.) அப்போது ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, ஒன்று காலியாக இருந்தது. அதிகாரி கண்ணில் நான் பட்டால் போதும், ரப்பர்ப் பால்வாளியை வைத்துவிட்டுப் பேனாவைப் பிடிக்கலாம். கையில் பட்டையும் கொடியுமாக நான் அந்த நாட்களில் நடந்த நடையை உங்கள் அம்மா பார்த்திருந்தால் என்னைக் கட்டியிருக்கவே மாட்டாள்.

வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். எங்கள் காரை ஓட்டுகிற மணியம் அண்ணன் முந்தின நாளே சொல்லிவிட்டார். "தம்பி, வளைவுக்கு வெளிப்பக்கம் ஒரு ஆளு நிக்கக் கூடாது. பிரேக்கு புடிக்கலன்னா நான் அங்கதான் வருவேன்." அப்படியே செய்தேன். உட்பக்க மேட்டில் ரப்பர் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஜனங்களை அதற்குப் பின்னால் நிறுத்தினேன். வெளிப்பக்கம் ஆள் இல்லை, மரவள்ளி மட்டும்தான். அரிசி கண்ணில் படாத அந்தக் காலத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயம் மொத்தத்துக்கும் அந்தக் கிழங்குதான் சோறு. காட்டுப்பன்றி அதைத் தோண்டாமல் காத்தது ஒரே ஒரு செவலை நாய். அது அப்பு அண்ணனுடையது. அவர் மரம் வெட்டுகிறவர், தனிக்கட்டை. வேகிற கிழங்கில் பாதி அவருக்கு, பாதி அதற்கு. நாய்க்குப் பெயர் வைக்கவில்லை. 'அப்பு நாய்' என்றால் லயத்துக் குழந்தைக்கும் தெரியும்.

முதலில் மூவார்க் கார் வந்தது. "தள்ளுங்க! தள்ளி நில்லுங்க!" என்று கத்தினேன். எல்லாரும் தள்ளி நின்றார்கள். கார் புழுதியோடு போய்விட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அத்தோடு என் வாயை யாராவது தைத்திருக்கலாம்.

இரண்டாவது கார் கிளம்பும் நேரத்தில் அதிகாரி நடந்து வந்து எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வருவது எங்கள் சொந்தக் கார். ஜனங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு மூன்று பேர் கயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்தார்கள். கிராணி நாற்காலி என் கண்முன் வந்து நின்றது. 'ஆபத்து' என்பதற்கு வகுப்பில் படித்த ஜப்பான் வார்த்தையை எடுத்தேன். கொடியைச் சாலைப் பக்கம் நீட்டி, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"அபுநாய்! அபுநாய்!"

"ஐயையோ, அப்பு நாயாம்!"

"எங்க, எங்க?"

"ரோட்டுலடா, கொடிய பாரு!"

"அலமாக், கார் வருது! புடிங்கடா அத!"

கயிறு அறுந்தது. ஆபத்து கூடக்கூட நானும் சத்தத்தைக் கூட்டினேன், அதே வார்த்தையைத்தான். (வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. தமிழ்கூட.) அப்பு அண்ணன் மேட்டிலிருந்து ஒரே பாய்ச்சலில் சாலை நடுவே குதித்து, இல்லாத நாயைக் குனிந்து தேடினார்.

மணியம் அண்ணன் ஸ்டியரிங்கை வெளிப்பக்கம் ஒடித்தார். மட்கார்டு அப்பு அண்ணனின் முழங்காலில் இடித்தது. கார் மரவள்ளிக்குள் புகுந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உழுதுவிட்டுச் சாய்ந்தது. பன்றிகள் எத்தனையோ மாதமாக ஆசைப்பட்டதை நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன்.

கரித்தொட்டி கவிழ்ந்து நெருப்பு கொட்டியது. யாரும் கிட்டே போகக் கூடாது என்று அதிகாரி ஓடி வந்து கத்தினார். "அபுநாய்! அபுநாய்!"

கூட்டம் முழுக்க அதிகாரியைத் 'துவான்' என்று கூப்பிட்டு என் காலடியைக் காட்டியது. "இங்கதான் இருக்கு, துவான்!"

ஆமாம், நாய் எனக்குப் பின்னால் நிழலில் படுத்திருந்தது. ஆளாளுக்குத் தன்னையே கூப்பிடுகிறார்கள் என்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாகேரோ!" என்று முட்டாள் பட்டம் கொடுத்து இரண்டு கன்னத்திலும் விட்டார். கிராணி வேலை காது மந்தமானவனுக்குப் போனது.

அறை வாங்கியது எனக்கு அவமானமே இல்லை, பிள்ளைகளே. அப்பு அண்ணனை லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அவமானம். வழியில் அவர் முதலில் கேட்டது, "நாய் நல்லா இருக்கா?" கொஞ்ச தூரம் போனபிறகு இன்னொன்று கேட்டார்.

"ஏன் தம்பி, மொத காருக்கு 'தள்ளுங்க'ன்னு சொன்ன. நாங்க தள்ளுனோம்ல?"

"தள்ளுனீங்கண்ணே."

"அப்புறம் அந்த வார்த்தைக்கு என்னாச்சு?"

'அதிகாரி காதில் விழவேண்டும் என்று கத்தினேன், உங்கள் காதை நினைக்கவே இல்லை' என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? மறுநாளே போய் ஒடிந்த மரவள்ளிக் குச்சிகளைப் பொறுக்கி மறுபடி நட்டேன். அது கிழங்கு வைக்கும்வரை லயத்தில் எல்லார் வயிறும் காய்ந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அப்பு அண்ணன் கடைசிவரை அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தார். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தார். வந்தவர் சும்மா போகவில்லை, உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் உங்கள் அம்மா "பார்த்துப் போங்க" என்று சொல்வதில்லை. வாசலில் நின்று, "அப்பு நாய்!" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

கடைக்குட்டி மட்டும் ஒவ்வொரு தடவையும் நாயைப் பார்க்க ரோட்டுக்கே ஓடி வருகிறான். சின்னவனே, அங்கே நாய் இல்லை. தள்ளி நில்.