வயிரநங்கை பிறக்கவில்லை என்று ஒரு சீட்டு வேண்டும்

மாசிலாமணி ஈசர் துணை

திருமுல்லைவாயில்,
பிரமாதி வருஷம் கார்த்திகை 3ந் தேதி

மகா கனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, தாட்சாயிணி நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் ஈசன் கிருபையால் உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்கு ஒருவரும் சுகமில்லை. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் பேனாவும் சுகமாக இருக்க விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. என் தம்பி திருவேங்கடத்தின் சிலேட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அவனுக்கு இரண்டு வயதில் எங்கள் அம்மா போய்விட்டாள், எனக்கு அப்போது பதினொன்று. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நான் வலது காலை வைத்தபோதே அவன் என் இடுப்பில் இருந்தான். இப்போது ரயில் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் கல்யாணம்தான் என்னால் நின்றுவிட்டது.

எப்படி என்று கேட்பீர்கள். தங்கள் பத்திரிகையில் தாங்கள் வாராவாரம் எழுதும் முகிற்கோட்டைக் கதையை, சனிக்கிழமை மத்தியானம் சமையல் ஒழித்த பிறகு, அண்டை வீட்டுப் பெண்களுக்கு நான்தான் உரக்கப் படிக்கிறேன். போர்க்களத்தில் அநாதையாகக் கிடந்த குழந்தை செஞ்சுடரனை வாள் வீசும் நான்கு பெண்கள் எடுத்து வளர்க்கிறார்களே, ஒருத்தியும் பெற்றவள் இல்லை, ஒருத்திக்கும் இரத்த பந்தம் இல்லை, ஆனாலும் ஒருத்தி அம்மா மாதிரி அடிக்கிறாள், ஒருத்தி அத்தை மாதிரி கேலி பண்ணுகிறாள், ஒருத்தி தங்கை மாதிரி வம்புக்கு இழுக்கிறாள், மூத்தவள் வயிரநங்கை அக்காவாக நின்று சோறு பிசைந்து போடுகிறாள். நாற்பத்தாறு வாரத்தில் அவன் அவள் கையால் சாப்பிட்டது பத்தொன்பது வேளை. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவளை ஏழு தலை அரவம் கக்கின தீயில், அவனுக்கு முன்னால் நின்று முதுகைக் கொடுத்தவளை, கொன்றுவிட்டீர்கள். சரி, கதை, போகட்டும் என்று ஒரு வாரம் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தோம். அடுத்த வாரம் பிரித்தால் பையன் இளவரசியோடு பூந்தோட்டத்தில் நிற்கிறான்! நெருப்பு வைத்தானா, பால் தெளித்தானா, ஒரு வரி இல்லை.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். “இன்னாம்மே இது! வளத்தவ கரிக்கட்டையாக் கெடக்குறா, இவன் பூ பறிச்சிகினு கீறானா? த்தூ! அவன் அழாட்டிப் போறான், நம்ம அழலாம் வாங்கடி” என்றாள். சாவு வீடுகளில் வேம்புலியம்மாள் வாய் திறந்தால் இரண்டு தெரு தள்ளி அடுப்பை அணைத்துவிடுவார்கள். எட்டுப் பேரும் எங்கள் கொல்லையில் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தோம். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், தம்பி கல்யாணத்துக்கு எட்டே நாள், வீட்டில் பந்தக்கால் நட வேண்டிய நேரம். ஆனால் ஆசிரியரே, என் வாய்தான் முதலில் “தூக்கிச் சுமந்தவளே” என்று ஆரம்பித்தது. அழுது முடித்துக் கிணற்றடியில் தலை முழுகிப் புடவைகளைக் கொடியில் போட்டோம்.

நாங்கள் அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து, பெண் வீட்டிலிருந்து, பெண்ணின் சித்தப்பா தசரதன், மஞ்சள் குங்குமத் தட்டோடு தெருமுனையில் வந்திருக்கிறார். அழுகைச் சத்தம். வாசலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே எங்கள் வீட்டுக்காரர், ஈ மொய்க்கிறது என்று முகத்தைத் துண்டால் மூடி, கூடத்தில் பிணத்தைக் கிடத்துகிற மாதிரி தெற்கே தலை வைத்துத் தூங்குகிறார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள் என்று! மங்கலத் தட்டோடு சாவு வீட்டுப் படி ஏறக் கூடாதே, தசரதன் யாரையும் கேட்காமல் அப்படியே திரும்பி வேப்பம்பட்டுக்கு ரயில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை ரயிலில் பதின்மூன்று பேர் வந்தார்கள். மாலை, கோடி வேட்டி, முந்தானையில் வாய்க்கரிசி. குளித்துவிட்டு விபூதியோடு வந்த எங்கள் வீட்டுக்காரர் வாசலில் அவர்களைப் பார்த்து, “வாங்க, வாங்க. கண்ணாலத்துக்கு இன்னும் ஒரு வாரம் கீதே, இப்பவே எதுக்கு மால மரியாதையெல்லாம்?” என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டினார். பெண்ணின் அத்தை அங்கேயே மயங்கி விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து எழுப்பின பிறகு, பெண்ணின் தகப்பனார் பரந்தாமன் என்னைக் கேட்டார். “உள்ளதச் சொல்லும்மா. அழுதது யாருக்கு?”

“வயிரநங்கைக்கு” என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

“இன்னா மொறை?”

“பையனை வளர்த்த அக்கா.”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. மாப்பிள்ளையை வளர்த்த இன்னொரு அக்கா செத்ததை மறைக்கிறோம் என்று அவர் எடுத்துக்கொண்டார். கதை என்று பத்திரிகையை நீட்டினேன். “கதைக்கு எவளாச்சும் மார்ல அடிச்சிப்பாளா? எட்டு பொடவ இன்னும் கொடில தொங்குது, தலை முழுகிகினு கதைன்றியே! தீட்ட மறச்சி எம்பொண்ண எடுக்கப் பாக்குறீங்களா?” என்றார். கடைசியில், “அப்பிடி ஒருத்தி பொறக்கவே இல்லன்னு கதை எழுதனவங்கையால எழுதி வாங்கிகினு வா, பேசலாம்” என்று சொல்லிப் போய்விட்டார். முகூர்த்தம் தவறிவிட்டது. தம்பி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

ஆகையால் தாங்கள் பெரிய மனசு பண்ணி, வயிரநங்கை என்பவள் பிறக்கவும் இல்லை, யாரையும் வளர்க்கவும் இல்லை, ஆகவே சாகவும் இல்லை என்று மூன்று வரி எழுதி, பத்திரிகை முத்திரை குத்தி அனுப்பினால் ஒரு குடும்பம் பிழைக்கும். தங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அழ ஆரம்பித்தது என் வாய். தங்கள் வீட்டில் மஞ்சளும் மல்லிகையும் குறையாமல் இருக்க ஈசனை வேண்டும்,

தங்கள் அடியாள்
தாட்சாயிணி

பின்குறிப்பு, கார்த்திகை 5ந் தேதி: தபாலில் போடச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன். போடாமல் படித்திருக்கிறான். “வளத்தவ பொறக்கவே இல்லன்னு எழுதி வாங்கித்தான் நான் தாலி கட்டணுமாக்கா?” என்று கேட்டுவிட்டு வெளியே போனான். திரும்பும்போது மீசை இல்லை. அந்த முகத்தோடு நேராக வேப்பம்பட்டு போய், “ஆமா மாமா, எங்க ஊட்ல சாவுதான். எடுக்க வேண்டியத எடுத்துட்டேன். தேதி குடுங்க” என்று நின்றானாம். பரந்தாமன் அவன் மேலுதட்டையே பார்த்துவிட்டுத் தையில் நாள் பார்க்கச் சொன்னாராம். பெற்றவள் போனால் எடுக்கிற மீசை ஐயா அது. நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிட்டு வந்து சோறு போடு என்கிறான். சிரிக்கவும் முடியவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அந்தச் சீட்டு வேண்டாம். அவள் பிறந்தவளாகவே இருக்கட்டும்.