டோக்கன் பட்டனை நவீனமாக்கிய கரடி

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, ஒரு கரடி சாஃப்ட்வேர் வேலை பார்த்து வந்தது. அந்தக் கரடி நான்தான். யாரோ மாதிரி சொன்னால் மானம் கொஞ்சம் மிஞ்சும் என்று பார்த்தேன்.

கோடையில் குளத்தில் தண்ணீர் குடிக்க டோக்கன் வேண்டும். அதற்கொரு வெப்சைட் உண்டு. சர்வரைக் கவனித்த ஆமை, பக்கத்தை முழுசாகத் தயார் செய்து அனுப்பிவிடும். அதில் ஒரு பட்டன்; அதன் பின்னால் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம். அமுக்கினால் டோக்கன் வரும். இவ்வளவு எளிதாக இருப்பது எனக்கு அவமானமாக இருந்தது.

"இந்தக் காலத்துல யாராவது ஸ்கிரிப்ட்டை அப்படியே வைப்பாங்களா? பண்ட்லர் போடணும்" என்றேன்.

"அது என்ன செய்யும்?" என்றது ஆமை.

"எல்லா ஃபைலையும் ஒண்ணாக் கட்டிக் கொடுக்கும்."

"நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதானே தம்பி."

இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் காடு உருப்படுமா? பண்ட்லரை இறக்கினேன். கூடவே அதன் சொந்தக்காரப் பேக்கேஜ்கள் வந்தன. அவற்றின் சொந்தக்காரர்களும் வந்து இறங்கினார்கள். இடம் போதாமல் என் தேன்கூட்டுப் படங்களை எல்லாம் அழித்தேன்.

பண்ட்லர் அந்த நாலு வரியை அழகாகக் கட்டித் தந்தது. கட்டும்போதெல்லாம் ஃபைலுக்குப் புதுப் பெயர் வைக்கும். பிரவுசர் பழசையே பிடித்துத் தொங்கக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். அந்தப் புதுப் பெயரை ஆமையிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இந்த மண்டைக்கு எட்டவில்லை. ஆமை அனுப்பிய பக்கம் பழைய ஃபைலையே கேட்டது. அதை நான் துடைத்து எறிந்திருந்தேன். பட்டன் செத்துக் கிடந்தது.

குட்டியோடு வந்த மான் அமுக்கி அமுக்கிப் பார்த்தது. "கரடியண்ணே, பிள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு. டோக்கன் வரலியே."

"என் மெஷின்ல வருதே தாயி. ரீஃப்ரெஷ் பண்ணிப் பாரு."

பண்ணியது. வரவில்லை. குளம் கண்ணெதிரேதான் இருந்தது. காவல் ஓநாய் டோக்கன் இல்லாமல் விடாது. குட்டி கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. பழைய நாலு வரியைத் திரும்பப் போடுவது ஒரு நிமிஷ வேலை. அப்புறம் ஆமை முகத்தில் எப்படி முழிப்பது? பண்ட்லரின் புது வெர்ஷனை இறக்க ஆரம்பித்தேன்.

மான் அதற்கு மேல் நிற்கவில்லை. குட்டியை முட்டி முட்டி எழுப்பி, மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றுக்கு நடந்தது. வரிசையில் நின்ற எல்லாரும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

சாயங்காலம் சிங்கராஜா வந்தார். வெறிச்சோடிய குளக்கரையைப் பார்த்து அசந்துபோனார்.

"எப்பவும் அடிதடியா இருக்குமே. கியூவையே காணோம். யார் வேலைப்பா இது?"

"நான்தான் ராஜா. புது டெக்னாலஜி."

அங்கேயே என்னைத் தலைமைப் பொறியாளர் ஆக்கினார். "அடுத்து ஆஸ்பத்திரி டோக்கனையும் நீயே மாத்திடு" என்றார்.

நீதி: உபயோகிப்பவர்கள் எல்லாரும் போன பிறகு எந்த வெப்சைட்டிலும் குறை இருக்காது, அதுவரை அப்டேட் செய்துகொண்டே இருக்கவும்.