பதினொரு ஆசிரியர்களும் ஒரு குழாய்த் தண்ணீரும்

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளிலும் பத்திரிகைத் தொண்டாற்றி வரும் ஆசிரியர்கள், வெளியீட்டாளர்கள் ஆகியோரைக் கண்டறிந்து, அன்னாரைத் தக்க முறையில் கௌரவிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தது யார் என்று கேட்கக் கூடாது. இந்த மாதிரி முடிவுகள் செய்யப்படும். அவற்றை யாரும் செய்வதில்லை.

எங்கள் பக்கத்துப் பத்திரிகை என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்கு மேலே பறந்து வந்து செருப்புகளுக்கு நடுவில் விழும் எட்டுப் பக்கம். இலவசம். முதல் பக்கத்தில் செய்தி, கடைசிப் பக்கத்தில் காது குத்தல், நடுவில் ஆறு பக்கமும் மனை விற்பனை, மூட்டு வலி, டியூஷன். குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை, கிழக்கே நாவலூரையும் சேர்த்து, இப்படிப் பதினொரு பத்திரிகைகள் வருகின்றன. இவற்றைப் படிப்பவர்கள் உண்டு. சமையலறை அலமாரியில் விரிக்கும்போது கண்ணில் பட்டதைப் படிப்பவர்களையும் நாங்கள் வாசகர்களாகவே கணக்கில் வைத்திருக்கிறோம்.

அந்தப் பதினொன்றில் ஒன்று 'ரயிலடிச் செய்தி'. அதன் ஆசிரியர், வெளியீட்டாளர், நிருபர், ஆள் வராத வாரத்தில் பேப்பர் போடுபவர் எல்லாமே சவுரிமுத்து சார்தான். இருபத்தாறு வருடமாக நடத்துகிறார். பக்கம் கட்டுபவன் நான், பெயர் சுகுமார். எந்தச் செய்தி எத்தனை அங்குலம் என்பது என் கையில் இருக்கிறது. இந்தக் கதையில் அதுதான் கெட்ட விஷயம்.

கௌரவ அறிவிப்பு வந்த சமயத்தில் எங்களுக்கு ஒரு நல்ல செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல செய்தி என்றால் தொழில் பாஷையில். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நான்காவது குறுக்குத் தெருவில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. அந்தத் தெருவில் குடியிருக்கும் காந்திமதி, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர், வாரா வாரம் வேலை முடிந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைப்பார். அவர் மகள் ஜாஸ்மினுக்கு மஞ்சள் காமாலை வந்து, பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை போய்விட்டது.

"இன்னா சார், இந்த வாரமும் வருதா?" என்று கேட்பார்.

"வருதும்மா. முதல் பக்கம்," என்பார் சவுரிமுத்து சார். நான்கு வாரம் சொன்னபடியே வந்தது.

ஐந்தாவது வாரம் வர வேண்டும். அது ஏன் முக்கியம் என்பதை, கௌரவ விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

தென்புறநகர்க் குறைதீர்ப்பு மற்றும் விழா ஒருங்கிணைப்பு அலுவலகம் என்று பெயர். குறையும் விழாவும் ஒரே அறை, ஒரே மேஜை, ஒரே அலுவலர். அவர் பெயர் அரிகிருஷ்ணன். மேஜையின் இடப்பக்கம் குறைக் கோப்புகள், வலப்பக்கம் விழாக் கோப்புகள். மின்விசிறிக் காற்று வலப்பக்கம்தான் வரும்.

"நாலாவது குறுக்குத் தெரு ஃபைல்தானே? ரொம்ப நல்ல கண்டிஷன்ல இருக்கு சார்," என்றார் அரிகிருஷ்ணன். "ஒரு குறை அஞ்சு வாரம் தொடர்ந்து பத்திரிகையில வந்தா, எஞ்சினியர் நேர்ல போயே ஆகணும். உங்களுது நாலு வாரம் வந்துடுச்சு. இன்னும் ஒரே வாரம்."

"வராம போச்சுன்னா?"

"மூணு வாரம் எந்தப் பத்திரிகையிலயும் வரலைன்னா, குறை தீர்ந்ததா அர்த்தம். மூடிடுவோம்."

"தண்ணி அப்படியே இருந்தாலும்?"

"தண்ணி எங்க பிரிவு இல்ல சார். எங்க பிரிவு குறை."

சவுரிமுத்து சார் இதைக் கேட்டு வியந்து தலையாட்டினார். பிறகு வந்த காரியத்துக்கு வந்தார். அரிகிருஷ்ணன் வலப்பக்கம் திரும்பி விண்ணப்பத்தை எடுத்தார். ஆறு பக்கம். பெயர், வயது, ரத்த வகை, பத்திரிகையின் பெயர், தாங்கள் பிரபலமானவர்தானா என்பதற்கான ஆதாரம்.

"ஆதாரம்னா?"

"வேற பத்திரிகையில உங்களைப் பத்தி வந்த செய்தி. தொடர்ந்து மூணு வாரம். முதல் பக்கத்துல. எல்லாம் சமீபத்துல வந்ததா இருக்கணும்."

"சார், நாங்கதான் மத்தவங்களைப் பத்தி எழுதுறவங்க. எங்களைப் பத்தி யாரு எழுதுவாங்க?"

"அப்போ நீங்க பிரபலம் இல்லைன்னு எழுதிக்கவா?"

சவுரிமுத்து சார் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ கேட்டிருக்கிறார். பிரபலம் இல்லை என்று மட்டும் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அந்த வாரமே மேற்குத் தாம்பரத்தில் ஓர் ஓட்டல் மாடியில் பதினொரு ஆசிரியர்களும் கூடினார்கள். ஒருவர் விளம்பரத்தை ஒருவர் பறித்துக்கொண்டு, எதிரில் வந்தால் ரோட்டைக் கடந்து போகிற ஆட்கள். அன்றைக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டார்கள். 'மாடம்பாக்கம் மணி' துளசிங்கம்தான் வழி சொன்னார்.

"நான் உங்களைப் போடுறேன், நீங்க என்னைப் போடுங்க. எல்லாரும் எல்லாரையும் போடலாம். மூணு வாரம், முடிஞ்சுது."

"ஒரு பேப்பர்ல மீதி பத்து பேரும் முதல் பக்கத்துல வரணுமே. செய்திக்கு எங்க இடம்?" என்றார் நாவலூரில் 'அடுக்ககம்' நடத்தும் நாகலக்ஷ்மி.

"நாமதான் மேடம் செய்தி," என்றார் துளசிங்கம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆபீசுக்கு வந்ததும் சவுரிமுத்து சார் என்னிடம், "தண்ணிச் செய்தியை உள்பக்கம் தள்ளிடு," என்றார். உள்பக்கத்தில் ஒரு மனை விளம்பரம் பாதிப் பக்கத்திலிருந்து முழுப் பக்கமாக வளர்ந்திருந்தது. "அப்போ அடுத்த வாரம்," என்றார். அடுத்த வாரம் என்பது எங்கள் தொழிலில் மிகவும் மரியாதையான இடம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தென்புறநகரில் பத்திரிகை படித்தவர்கள் பாக்கியசாலிகள். சவுரிமுத்து சார் புறநகரின் மனசாட்சி என்று மாடம்பாக்கம் சொன்னது. துளசிங்கம் அஞ்சாநெஞ்சர் என்று நாங்கள் சொன்னோம். நெஞ்சு சரியில்லாமல் அவர் போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டாம் வாரத்தில் அடைமொழிகள் தீர்ந்துவிட்டன. மூன்றாம் வாரத்தில் ஒரே பத்தியை எழுதி, பெயரை மட்டும் மாற்றிப் பத்து இடத்தில் ஒட்டினேன். அந்த அவசரத்தில் நாகலக்ஷ்மி மேடத்தைக் 'கம்பீரமான மீசைக்குச் சொந்தக்காரர்' என்று போட்டுவிட்டேன். திங்கட்கிழமை மேடத்திடமிருந்து போன் வந்தது. மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு எடுத்தேன்.

"சுகுமார், பக்கத்து மேல தேதி சரியா விழுந்திருக்குல்ல? வெட்டி ஒட்டும்போது தேதி தெரியணுமாம்," என்றார். மீசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காந்திமதி மூன்று வாரமும் வந்தார். முதல் வாரம் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் வாரம் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் வாரம் என்னிடம் மட்டும் கேட்டார்.

"ஏண்ணா, இம்மாம் பெரிய மனுசங்க இத்தினி பேரு நம்ம ஊர்ல கீறாங்க. ஒருத்தர் கூடவா என் வூட்டு தண்ணிய பாக்கல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு பக்கம் கட்ட முடியாது. விழா முடியட்டும் என்றேன்.

விழாவுக்கு முந்தின நாள் அரிகிருஷ்ணன் ஓர் அறிக்கை வெளியிட்டார். கடந்த மூன்று வாரங்களாகத் தென்புறநகரில் வெளிவரும் பதினொரு பத்திரிகைகளிலும் பொதுமக்கள் குறை ஒன்று கூட வெளியாகவில்லை என்றும், எனவே இப்பகுதி குறையற்ற பகுதியாக மாறியிருப்பது பெருமகிழ்ச்சி அளிக்கிறது என்றும், இதற்குக் காரணமான பத்திரிகை ஆசிரியர்களைக் கௌரவிப்பது சாலப் பொருத்தம் என்றும் அதில் இருந்தது. நான்காவது குறுக்குத் தெருக் கோப்பு மூடப்பட்டு, கட்டப்பட்டு, பீரோவில் வைக்கப்பட்டது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பதினொரு பேருக்கும் பதினொரு நாற்காலி. கீழே முதல் வரிசையில் 'பத்திரிகையாளர்களுக்கு மட்டும்' என்று அட்டை வைத்துப் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. ஊரில் இருந்த பத்திரிகையாளர்கள் அத்தனை பேரும் மேடையில் இருந்தார்கள்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் ஏற்புரை. சவுரிமுத்து சார் முறை வந்தபோது, ஐந்தாவது வரிசையில் காந்திமதி உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார். கம்பெனியில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சார் மைக்கைப் பிடித்தார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டார். நான்காவது குறுக்குத் தெரு, சாக்கடைத் தண்ணீர், பெண்ணுக்குக் காமாலை, மூன்று வாரமாகப் போடாத செய்தி, போடாதது தன் தப்பு, எல்லாவற்றையும் சொன்னார். குரல் கூட நடுங்கியது.

மண்டபம் கைதட்டியது. அதற்கு முன்னால் பேசிய எட்டுப் பேருக்கும் தட்டிய அதே அளவு. அரிகிருஷ்ணன் மைக்கை வாங்கி, "அருமையான, உணர்ச்சிகரமான ஏற்புரை. அடுத்து," என்றார். மேடையில் இருந்த பத்துப் பத்திரிகையாளர்களில் ஒருவர் கூடக் குறித்துக்கொள்ளவில்லை. குனிந்தால் பொன்னாடை நழுவும்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு எங்கள் பேப்பர் வரும் அல்லவா, அதில் போட்டுவிடலாம் என்று நம்பினோம். வெள்ளிக்கிழமைக்குள் எட்டுப் பக்கமும் வாழ்த்து விளம்பரத்தால் நிறைந்தது. விருது பெற்ற எங்கள் அண்ணனை வாழ்த்துகிறோம் என்று மனைக்காரர்கள், மெஸ்காரர், மூட்டு வலி டாக்டர், எல்லோரும் போட்டோவோடு கொடுத்தார்கள். சவுரிமுத்து சார் தலையில் கை வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அவருக்கு வந்த முதல் நல்ல வாரம் அது. எதையும் எடுக்கச் சொல்லவும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காந்திமதி வந்தார். கையில் பாட்டில் இல்லை. ஒரு தாள் இருந்தது, ஒரு போட்டோவும் இருந்தது.

"செய்தின்னா தானே எடம் இல்ல. இது வாழ்த்து விளம்பரம்," என்றார். "தெருவுல எல்லார்கிட்டயும் வாங்கிகினு வந்துட்டேன். இத போட்டுத்தானே ஆவணும்?"

வாங்கிப் படித்தேன். 'விருது பெற்ற எங்கள் ஆசிரியர் சவுரிமுத்து அவர்களை நான்காவது குறுக்குத் தெரு மக்கள் வாழ்த்துகிறோம். எங்கள் குழாயில் இன்றும் சாக்கடைத் தண்ணீர்தான் வருகிறது. எஞ்சினியர் வந்து பார்க்கவும்.' கூடவே தெருவாசிகள் முப்பத்திரண்டு பேர் நிற்கும் போட்டோ. எவ்வளவு புத்தி. பேப்பரில் அச்சானால் கோப்பைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்தே ஆக வேண்டும். சார் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்.

மிச்சம் இருந்தது கடைசிப் பக்கத்தில் ஒரு மூலை, மூன்று அங்குலம். போட்டோவைச் சின்னதாக்கினால் முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் முப்பத்திரண்டு பேரும் ஆபீசுக்கு வருவார்கள். என் அனுபவத்தில், எழுத்து குறைந்ததென்று எங்கள் ஆபீசுக்கு யாரும் வந்ததில்லை. அச்சகத்திலிருந்து மூன்றாவது தடவை போன் வந்தது. சார் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். நான் கடைசி இரண்டு வரியை எடுத்துவிட்டேன்.

போட்டோ பிரமாதமாக வந்திருந்தது.

திங்கட்கிழமை அரிகிருஷ்ணன் அந்த மூலையை வெட்டி, மூடிய கோப்பின் மேல் ஒட்டி, 'மேற்படி தெரு மக்கள் மகிழ்ச்சியுடன் உள்ளனர்' என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டார். சவுரிமுத்து சார் பேப்பரை என் மேஜை மேல் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். சாயந்திரம் காந்திமதி வந்தார்.

"என் மூஞ்ச எடுத்துட்டு தண்ணிய வுட்ருக்கலாமேண்ணா," என்றார்.

"மீதி முப்பத்தோரு பேரு ஒத்துக்கணுமேம்மா."

"காலையிலயே கேட்டுட்டேன். தண்ணி வார்த்தை வுட்டுப் போச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியல. போட்டோ நல்லா கீதுன்னு ஃப்ரேம் போட குடுத்துகினு கீறாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் மேஜை மேல் கிடந்த பேப்பரை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது வரிசையில், ஜாஸ்மின் தோளில் கை போட்டபடி அவர் நின்றிருந்தார். பெண் மெலிந்திருந்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு காப்பி குடுண்ணா," என்றார். "நாவலூர்ல என் தங்கச்சி கீறா. அவளுக்கு ஒண்ணு."