மாமாவை இறக்கிவிட்டு ஓர் எடை

எதையும் ஒரு தடவை மட்டும் பார்த்து நம்பாத மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் எடைமேடை நடத்தும் நெட்டு அண்ணாச்சி. லாரி பாரத்தோடு ஏறினால் லோடு, காலியாக ஏறினால் எம்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நெட்டு. இந்த மூன்றுக்குள் அடங்காத விஷயம் எதுவும் கிடையாது என்பது அவர் கட்சி.

பலாப்பழம் வாங்கினால் மறுநாள் தோல், சக்கை, கொட்டை எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு போய் அதே கடையில் எடை போட்டுக் காட்டுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், "நகையக் கழட்டிட்டு இன்னொரு தடவ வரச் சொல்லுங்க" என்று கேட்ட ஒரே மாப்பிள்ளை அவர்தான். அவர் மனைவி இன்றும் இதைச் சிரிக்காமல்தான் சொல்வார்.

நான் பக்கத்து உப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். லாரிச் சீட்டுகளை வாங்கத் தினமும் காலை பத்தே காலுக்கு அவரிடம் போவேன். ஒரு செவ்வாய்க்கிழமை, சீட்டைக் கொடுக்காமல் உட்காரச் சொன்னார்.

"கனி பூகோளம் படிக்கணும்ங்கா வே. சென்னையில அஞ்சு வருசம். பேங்க்ல கடன் வாங்கணும்."

"நல்லதுதானே அண்ணாச்சி."

"நல்லதுங்கது லோடு. நெட்டு எவ்வளவு?"

கனி அவருடைய ஒரே மகள். மேப்பு வரைவதில் கெட்டிக்காரி. கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்ட இருபது நாள் இருந்தது. தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடன் தாளில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பாவோ பூகோளம் படித்தவர்களை எடை போடக் கிளம்பிவிட்டார். எழுதிவைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

முதல் ஆள், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் மேனேஜர். சம்பளத்தைக் கேட்டதும், கனியை உடனே சேர்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"கம்பெனி யாரோடது?" என்றார் அண்ணாச்சி.

"எங்க மாமாவோடது."

"அப்ப மாமாவ இறக்கிட்டுச் சொல்லும்."

"புரியலியே அண்ணாச்சி."

"டிரைவர் உள்ள இருக்கும்போது எடை போட்டா அவன் எடையும் சேந்துல்லா வரும். மாமா இல்லாம இந்தப் படிப்புக்கு யாரு எவ்வளவு தருவா?"

மேனேஜர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். சொல்லியிருந்த டீயும் வரவில்லை. நான் பூஜ்யம் என்று எழுதினேன்.

இரண்டாவது, ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

"பி.எட். முடிச்சிருக்கியளா?"

"ஆமா."

"அது வேற லோடு. இறக்கிருங்க."

இன்னொரு பூஜ்யம்.

மூன்றாவது, காயல்பட்டினத்துக்காரர். துபாயில் குழாய் பதிக்க மேப்பு போடுகிறவர், லீவில் வந்திருந்தார். அவர் சொன்ன தொகைக்கு அண்ணாச்சியின் மேடையையே வாங்கலாம்.

"தம்பி, இதுல வெயிலுக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு?"

"வெயிலுக்குத் தனியா தரமாட்டாங்க அண்ணாச்சி."

"அப்ப ஒங்கள ஏமாத்திட்டாங்க."

பாதியை வெயிலுக்குக் கழித்தார். மீதியில் பாதியை, குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்குக் கழித்தார். மிஞ்சியது வங்கியின் மாதத் தவணைக்குக்கூட எட்டவில்லை. ஆனாலும் முடிவு சொல்ல மறுத்துவிட்டார். எம்டி பார்க்கவில்லையாம். படிக்காத கனி எவ்வளவு சம்பாதிப்பாள் என்று தெரிய வேண்டும். தெரிந்தவர் சேலைக்கடையில் அவளை வேலைக்குச் சேர்த்தார்.

"யப்பா, இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"எம்டி எடுக்க ஒரு வாரம் போதும்ளா."

மூன்றாம் நாளே கடைக்காரர் கனியோடு மேடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டத்த ஒம்ம மவ அடுத்த தெருக் கடைக்கு அனுப்பிட்டா."

"வெல கொறவா எங்கன கிடைக்கும்னு கேட்டாங்க, சொன்னேன்," என்றாள் கனி.

"சொன்னாக்கூடப் பரவால்ல. மேப்பு வரைஞ்சு கொடுத்திருக்கா. பைக்க எங்கன நிறுத்தணும்னு அம்புக்குறி வேற. என் நட்டத்த யாரு தருவா?"

அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் அந்த நட்டத்தில் கனியின் மூன்று நாள் சம்பளத்தைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். கடைக்காரர் போனதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வே, எம்டி மைனஸ்ல வருது."

"ஆமா."

"லோடுல மைனஸக் கழிச்சா?"

"கூடும், அண்ணாச்சி."

"இவ படிக்காம இருந்தா வருசத்துக்கு எத்தன கடைய மூடுவா? எழுதும்."

எழுதினேன். நெட்டு, தவணையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. காலி வண்டி தரையைவிட்டு மேலே நிற்பதை இன்றுதான் பார்க்கிறேன் என்றபடி, அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

தாள் வங்கியில் மேஜை மேஜையாக நகர்ந்து, கடைசி நாளுக்கு முந்தின நாள் அதிகாரியிடம் வந்தது. வருமானக் கணக்கு என்று அண்ணாச்சி நீட்டிய பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல வெயில்னு போட்டிருக்கீங்களே, அது என்ன சார்?"

அண்ணாச்சி விளக்கினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, குடும்பத்துக்கு வெளியே ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "ஒமக்கும் பிள்ளைங்க இருக்கு வே. வீட்டுக்குப் போயி நல்லா எடை போட்டுப் பாத்துட்டு வாரும். வேண்டாம்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்," என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. கனி தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிக்கிறவன் நான். படித்துப் பார்க்காமல் இதுவரை கையெழுத்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.