எறும்பு கடித்த காதல் காட்சி

மதிப்பும் அன்பும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு இருவரும் உடல் அளவில் நலம். மற்றபடி வீட்டில் நான் ஒருவன்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், அதுவும் சுவரிடம்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எங்களை ஓடைக்கரைக்கு இழுத்துப்போய், கைகோத்தபடி சருகில் படுக்கவைத்து, கதையே இல்லாமல் ஒரு பரிசோதனைப் படம் எடுத்தீர்களே, தொலைந்துபோனது என்று நானும் நிம்மதியாக இருந்தேனே, அது கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. வாஷிங் மெஷின் ஆடாமல் இருக்க இத்தனை வருடமாக அதன் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த தகர டப்பா அதுதானாம். பழைய படங்களைத் தேடி அலையும் பெண் ஒருத்தி வந்து, கைக்குழந்தையை ஏந்துவது போல் அதை ஏந்திக்கொண்டு போனாள். அன்றிலிருந்து மெஷின் சமையலறை வரை நடந்து வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அரங்கில் திரையிட்டார்கள். முதலில் பாசி, பிறகு தண்ணீர், மறுபடியும் பாசி, அதன்பின் திரை முழுக்க என் முகம். கண் செருகி, உதடு துடித்து, கிடைக்காதது கிடைத்தவன் மாதிரி இருக்கிறேன். உங்கள் தங்கை இருட்டில் என் கையைப் பிடித்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு, மச்சான். அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம், விதி விட்டால்தானே. படம் முடிந்ததும் அந்தப் பெண் என்னை மேடையேற்றி, "இயற்கையோட கரைஞ்சு, காதல்ல உங்களையே மறந்துட்டீங்க. அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு ஐயா?" என்று கேட்டாள். பொய் பழகாத வாய். "முதுகுல சிவப்பெறும்பு ஏறிடுச்சும்மா" என்று சொல்லித் தொலைத்தேன். அரங்கமே சிரித்தது. ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

வரும் வழியில், "அந்தப் பார்வை எனக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான், அதன்பிறகு பேச்சில்லை. ஆகையால் நீங்கள் பெரிய மனது பண்ணி, அந்த ஓடைக்கரையில் எறும்பே கிடையாது என்று, இயக்குநர் என்ற முறையில் அவளுக்கு இரண்டு வரி எழுதிப்போட வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பேச்சுத்துணை இழந்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: எதுவும் எழுத வேண்டாம். நான் உறை தேடப் போன நேரத்தில், மேசைமேல் கிடந்த இதை அவள் படித்துவிட்டாள். "எறும்பு அவ்ளோ கடிச்சும் என் கையை விடலையே, அதை மேடையில சொல்ல வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு, சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகில் தழும்பு தேடினாள். இந்த வரிகளைத் தபால் அலுவலகத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். "கையை விட்டா முதல்லேருந்து எடுக்கணும் மாப்ள" என்று அன்று நீங்கள் அவளுக்குக் கேட்காமல் என் காதோரம் மிரட்டிக்கொண்டே இருந்ததை மட்டும், ஆயுசுக்கும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.