சிவப்புக் கல் வரைக்கும்

போன ஞாயிற்றைவிட இந்த ஞாயிறு இன்னும் லேட். தட்சிணாமூர்த்தி பாலத்துச் சுவரில் கை ஊன்றி, மூச்சு வாங்கியபடி வாட்சைத் தட்டிப் பார்த்தார். வாட்ச் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர்தான் ஓடவில்லை போலிருக்கிறது.

அம்பத்தூர்ப் பட்டறையில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்து, சர்க்கரை வந்து, டாக்டர் திட்டி, அதில் பொத்துக்கொண்டு வந்த ரோஷம் இது. பாதி மாரத்தான் ஓடப்போகிறேன் என்று கேன்டீன் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. ஓடி முடிக்காவிட்டால் அந்தக் கேன்டீனில் நிம்மதியாக ஒரு வாய் சோறு இறங்காது.

பாதையில் குழப்பமே இல்லை. பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வரும் கால்வாய்க் கரை. ஸ்கூட்டர் மீட்டரில் ஐந்து கிலோமீட்டர் அளந்து, திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு கல்லை வைத்து, சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தார். விடிகாலைப் பனியில் வழியெல்லாம் ஒரே மாதிரி முள்செடி, ஒரே மாதிரி வீடு. கல்தான் அடையாளம். போய்த் தொட வேண்டியது, வாட்சைப் பார்க்க வேண்டியது, திரும்ப வேண்டியது.

பட்டறையில் கூட வேலை பார்க்கும் கௌதம் ஏற்கெனவே ரெண்டு மாரத்தான் ஓடியவன். இவர் பேரைப் பதிவு செய்ததும் அவன்தான். தப்பு ஷூவில்தான் என்றான். புது ஷூ வந்தது. அடுத்த வாரம் இன்னும் லேட். தப்பு சாப்பாட்டில் என்றான். மனைவி சித்ரா முட்டையும் வாழைப்பழமுமாகத் திணித்தாள். அதற்கடுத்த வாரம் இன்னும் மோசம், ஏப்பம் வேறு.

இதில் அவருக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. கரையோர வீட்டுக்காரர்கள் அவரைக் கண்டதும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டார். கஸ்தூரி என்கிற அம்மாள் வாராவாரம் மோர் கொண்டுவந்து நீட்டினாள், காசு வாங்க மாட்டேன் என்றாள். ஓடுகிறவனுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு மரியாதையா? பட்டறையில் இதில் கால்வாசி கிடைத்தால்கூடப் போதுமே என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

குறி பளிச்சென்று தெரிந்தால் கால் தானாக இழுத்துக்கொண்டு போகும் என்று அடுத்த யோசனை. கல்லுக்கு இன்னொரு பூச்சு அடித்து, அம்புக்குறி போட்டு, கீழே பெரிதாக '5' என்றும் எழுதினார். எழுதும்போது ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. விளையாட்டு என்றால் என்ன ஒரு பக்தி என்று மனசு குளிர்ந்து போனார்.

கடைசிப் பயிற்சி ஓட்டம் வந்தது. இன்றும் நேரம் தப்பினால் மாரத்தானிலிருந்து பேரை எடுத்துவிடுவது என்று முடிவு. ஓடினார், ஓடினார், கல் வந்தபாடில்லை. ஒருவழியாகத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது தொடை இறுகி, கஸ்தூரி வீட்டு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாட்சைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் கௌதமுக்குப் போன் போட்டார்.

"என் பேரை எடுத்துடு கௌதம். வயசாயிடுச்சு. என்னால முடியல."

"இன்னா அண்ணாத்தே, இம்மாந் தூரம் வந்துட்டு…"

"வாராவாரம் அதே தூரந்தான்ப்பா. வாராவாரம் லேட்டு. உடம்பு சொல்லிடுச்சு."

போனை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மோர்ச் செம்போடு கஸ்தூரி தயங்கித் தயங்கி வந்தாள். பின்னால் அவள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோச்சிக்காதீங்க சார். கால்வாய அகலம் பண்ண ஊட்ட இடிக்கிறதுக்குத்தான் நீங்க குறி வெச்சுகினு போறீங்கன்னு பயந்துகினு, ஆளாளுக்கு அந்தக் கல்ல அடுத்த ஊட்டாண்ட தள்ளி வெச்சுட்டோம். ஊடெல்லாம் தீந்து போயி, இப்ப அது ஏரிக்கரையாண்ட கீது."